சாம்பல் குழியில் ஆறிய கியர் பெட்டி

அலுமினியத்தைப் பற்றவைத்து ஒட்டத் தெரியாதவன்தான் அதைப் பற்றி அதிகம் பேசுவான். எங்கள் ஃபோர்மேன் அந்த ரகம். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைப் பட்டறையில், அந்த ஆளுக்குக் கீழே ஆறு வருஷம் கேஸ் வெல்டிங் செய்தேன். ஒரு நாள்கூட அவரை எனக்குப் பிடித்ததில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அந்த ஒன்றில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

பகைக்குக் காரணம் சின்னதுதான். அலுமினியமும் இரும்பு மாதிரி சூட்டில் சிவக்கும் என்று பட்டறை முதலாளியான வெள்ளைக்காரத் துரையிடம் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சிவக்காதுங்க. நிறம் மாறாமலே இருந்து திடீர்னு உருகி ஊத்திடும்" என்று சொல்லித் தொலைத்தேன். துரை சிரித்துவிட்டார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்தாலே ஃபோர்மேனுக்கு வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும்.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி, கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பட்டறையிலும் வேலை இல்லை. வெல்டர்கள் இரண்டு பேர். நான் ஒருவன், இன்னொருவன் கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிறவன், என்னைவிட இளையவன், கைக்குழந்தைக்காரன். எங்கள் இருவரில் ஒருவர்தான் மிஞ்சுவார் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு ஃபோர்மேன் கொடுத்தது இரும்புக் கேட். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டலாம். என் முன்னால் தள்ளியது ஒரு லோரியின் கியர் பெட்டி. அலுமினிய வார்ப்பு, அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

"ஒட்டினா நீ இரு. ஒட்டலேன்னா உனக்குத்தான் கப்பல்."

ஒட்டினேன். எண்ணெய் போகச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கொதிக்க வைத்தேன். விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் இரண்டு முனையிலும் துளை போட்டேன். கரி அடுப்பில் சூடேற்றி, துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியால் மேலே ஒரு கோடு இழுத்தேன். கோடு பழுப்பானால்தான் வார்ப்பு தயார். வேறு எந்த அடையாளமும் அது காட்டாது. பற்றவைத்து முடித்தபோது சட்டை பிழிகிற ஈரம். அப்புறம் பெட்டியை அடுப்புச் சாம்பல் குழியில் புதைத்தேன். மெல்ல ஆற வேண்டும். பாதி சூட்டில் காற்றுப் பட்டால் வெடித்துவிடும்.

"நாளைக்குக் காலை வரைக்கும் இந்தக் குழியில எவனும் கை வைக்கக் கூடாது" என்று கத்தினேன். கத்தியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பஞ்சத்தில் எங்கள் மத்தியானச் சோறு அந்தக் குழிதான். காலையில் மரவள்ளிக்கிழங்கைச் சாம்பலுக்குள் தள்ளிவிடுவோம். பன்னிரண்டு மணிக்குத் தோண்டித் தின்போம்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கை கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், சாம்பல் கிளறிக் கிடக்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் வெளியே தெரிய, சாரல் அதன்மேல் அடிக்கிறது. என் ஒட்டு அசையவில்லை. அதற்கு மூன்று விரல் தள்ளிப் புதிதாக ஒரு விரிசல்.

ஃபோர்மேன்தான் என்று முடிவு கட்டினேன். சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. அப்போதுதான் மூலையில் குந்தியிருந்த கிள்ளான்காரனைப் பார்த்தேன். மீசையில் சாம்பல்.

"நீங்க பெட்டிய வைக்கிறதுக்கு முன்னாலயே கிழங்கு போட்டுட்டேன் அண்ணே. நீங்க கத்துனதும் சொல்லப் பயமாப் போச்சு. நேத்து ராத்திரியும் சாப்பிடல. ஓரமாத்தான் தோண்டுனேன்."

திருட்டுப் பயல் என்றேன். இன்னும் சொன்னேன்; எழுத முடியாது. அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று ஃபோர்மேன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவனைக் காட்டிக்கொடுக்காமல், என் ஒட்டுதான் விட்டுப்போச்சு, நாளைக்குச் சரிபண்ணித் தருகிறேன் என்று நானே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்குக் கப்பல் ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம். நான் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை. என் வேலையை எவனும் குறை சொல்லக் கூடாது, அவ்வளவுதான் மண்டைக்குள் இருந்தது.

ஃபோர்மேன் பல்லைக் காட்டினார். "நல்லதாப் போச்சு லா. யார அனுப்புறதுன்னு யோசிக்கிற வேலை எனக்கு மிச்சம்" என்றார். அன்று சாயங்காலமே கிள்ளான்காரனின் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் புது விரிசலையும் ஒட்டினேன். ஆறவிட்டு, ஒட்டுவதற்குத் தடவிய மருந்தின் மிச்சம் போக வெந்நீரில் தேய்த்துக் கழுவி மேஜைமேல் வைத்தேன். எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், ஒரு சொட்டு கசியவில்லை. அடுத்த வாரம் கிள்ளான்காரன் தன் வெல்டிங் கண்ணாடியையும் கையுறையையும் எடுத்துக்கொள்ள வந்தான். கப்பலுக்குப் பெயர் கொடுத்தாயிற்று என்றான். மனைவி இங்கேயே பிறந்தவள், ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது என்றான். பையைத் தூக்கிக்கொடுக்கப் போனேன்.

"தொடாதீங்க" என்றான். பிறகு, லோரிக்காரன் இன்னும் வந்து எடுக்காத அந்தப் பெட்டியைக் குனிந்து பார்த்தான். இரண்டாவது ஒட்டின்மேல் விரலை ஓட்டினான். அவனும் வெல்டர்தானே, அவனுக்குத் தெரியாதா.

"ஒரு நாள் வேலைதானே அண்ணே இது? இதுக்கா என்னைக் காட்டிக் குடுத்தீங்க?"

அவன் கேட்டது நியாயம். அதனாலேயே அவன்மேல் எனக்கு இன்னும் கோபம்.