தறிச் சத்தத்தைத் தாண்டி

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரும் என்னைப்போல் தறிக்காரர்தான். மடியில் நாலு வயது மகள். பஸ் நிற்கும்போதெல்லாம் குனிந்து அவள் முதுகில் காதை வைத்தார்.

“தறி ஓடினா இவ மூச்சு கேக்காதுங்க. அடிக்கடி நிறுத்திப் பாத்துகினே இருப்பேன். அதே பழக்கம்.”

தொண்டைக்குள் சதை வளர்ந்து குழந்தைக்குக் குரலே அடைத்துவிட்டதாம்; மூச்சு விடவும் சிரமமாம். ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறார்.

“பென்சில் கனத்துல மெஷினாம். முனையில கத்தி சுத்தி, சதையை மட்டும் சீவி எடுத்துடுமாம்.”

“குரல் வந்துடுமா?”

“வரணுங்க. தறி ஓடும்போதே ‘நைனா’ன்னு கத்தணும். எனக்கு அது கேக்கணும்.”

முன்பெல்லாம் என் மகள் நாலைந்து முறை கத்தினால்தான் நான் திரும்புவேன். இப்போது முதல் தடவையே தறியை நிறுத்திவிடுகிறேன். பெயரும் ஊரும் கேட்காமலே வேலூரில் அவரைப் பிரிந்துவிட்டேன். அவர் மகள் கூப்பிட்டாளா என்று யாரைக் கேட்பது?