அண்ணனாகப் புறப்பட்ட தம்பி

அடி அண்ணாமலையில் பூக்கடை வைத்திருந்த சகாதேவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். அவனோடு ஒரே வயிற்றில் இருந்த பலராமன் அவனுக்கு முன்னால் வெளியே வந்துவிட்டான். எவ்வளவு முன்னால்? ஒரு அண்டா வெந்நீர் கொதிக்கிற நேரம். அதற்காக நாற்பது வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் நான் பார்த்ததில் இவன் ஒருவன்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அவர்கள் வீட்டுக்குத்தான் முதல் மரியாதை. வீட்டுக்கு மூத்தவன் தலையில் பூசாரி பரிவட்டம் கட்டுவார். அப்பன் போனதும் அது பலராமன் தலைக்குப் போனது. பஸ் ஓட்டுகிற அவன் அன்றைக்கு மட்டும் லீவு போட்டு வந்து, துணியைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். தினமும் அம்மனுக்கு மாலை கட்டுகிற சகாதேவனோ கரண்டியும் கையுமாகக் கூழ் அண்டா பக்கத்தில் நிற்பான். வயிறு எரியாதா?

எண்பத்திரண்டாம் வருஷ வாக்கில், பக்கத்துத் தெரு ஜெயமதி டீச்சர் பூ வாங்க வந்தாள். டவுன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லித்தருகிறவள். பேச்சுவாக்கில், "ஓடிக்கிட்டே இருக்கறவனுக்குக் காலம் மெதுவா போகுங்க. உட்கார்ந்தே இருக்கறவனுக்கு அதவிட வேகமா போகும்" என்றாள்.

சகாதேவன் கையிலிருந்த நாரைக் கீழே போட்டான். "அப்போ பஸ் ஓட்டறவனுக்கு?"

"மெதுவாதான். ஆனா..."

ஆனாவுக்குப் பின்னால் வந்த எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

"பதினைஞ்சு வருஷமா அவன் ஓடறான், நான் உட்கார்ந்திருக்கேன். அவனைத் தாண்டிட்டேன். இனிமே நான்தான் அண்ணன்!"

அவன் பெண்சாதி சந்திரகலா பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உட்கார்ந்தே அண்ணனானவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா."

அடங்கினானா? ஊர்க்கூட்டம் கூட்டினான். சாட்சிக்கு டீச்சரையும் இழுத்து வந்தான்.

பலராமன் சிரித்தான். "ஏன்டா, என் பஸ்ல ஏறின கெழவனெல்லாம் கொழந்தையாவா எறங்கறான்?"

டீச்சர் அவனிடம் கேட்டாள்: "உங்களுக்கு எந்த ரூட்டுங்க?"

"ஜமுனாமரத்தூர். ராத்திரியில மலை மேலயே ஹால்ட்டு."

"அப்போ கதையே வேறங்க. பூமியோட இழுப்பு கீழ ஜாஸ்தி, மேல போகப் போகக் கம்மி. இழுப்பு கம்மியான எடத்துல காலம் வேகமா ஓடும். பஸ் ஓட்டி மிச்சம் பிடிச்சதவிட, மலையில படுத்துச் செலவு பண்ணதுதான் ஜாஸ்தி. பஸ் ஓட்டற இவருக்கு வயசு இன்னும் கொஞ்சம் கூடித்தான் இருக்கு. அதுவும், கண் சிமிட்டற நேரத்தை ஆயிரம் கூறு போட்டா ஒரு கூறுகூடத் தேறாது."

சகாதேவன் கூட்டி வந்த சாட்சியே அவனை இன்னும் தம்பியாக்கிவிட்டது. கூட்டம் சிரித்த சிரிப்பில் கோயில் புறாவெல்லாம் பறந்துபோயின.

புத்தியுள்ளவன் அதோடு விட்டிருப்பான். இவன் பூக்கடையைப் பெண்சாதி தலையில் கட்டிவிட்டு, அண்ணாமலையில் ஏறுகிற பாதையில் பாதி உயரத்தில் ஓலைப் பந்தல் போட்டு மோர் விற்க உட்கார்ந்தான். "அவன் ராத்திரி மட்டுந்தான் மேல இருக்கான். நான் பகலெல்லாம் இருந்து பிடிச்சிடறேன்." அந்த அண்டா கொதிக்கிற நேரத்தைப் பிடிக்க யுகம் நாலு போனாலும் போதாது என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள். "அது உங்க கணக்கு" என்றான்.

மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு தினமும் ஏறினான், இறங்கினான். மூன்று வருஷ வெயிலில் தலை பஞ்சாக வெளுத்தது. முதுகு வளைந்தது. முழங்கால் இரண்டும் போயின. பலராமனோ மெத்தை சீட்டில் உட்கார்ந்து, மீசைக்கு மை தடவிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

அடுத்த ஆடிக்குப் புதுப் பூசாரி. பரிவட்டத்தோடு வந்தவர் இருவரையும் பார்த்தார். நேரே வெள்ளைத் தலையிடம் போய், "பெரியவரே, குனியுங்க" என்றார்.

எல்லாரும் பலராமனைப் பார்த்தார்கள். அவன் வாயைப் பொத்திச் சிரித்தான். "கட்டுங்க சாமி. பார்த்தாலே தெரியலையா, அவன்தான் பெரியவன்னு?"

சகாதேவன் மறுத்தானா? குனிந்து வாங்கிக்கொண்டான். பரிவட்டம் கட்டியவன் கூழ்க்குடத்தோடு கோயிலைச் சுற்ற வேண்டும். முதல் திருப்பத்திலேயே முழங்கால் மடங்கிவிட்டது.

"டேய் பலராமா, பிடிடா!"

பலராமன் குடத்தை வாங்கிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி, "சரிண்ணா" என்றான்.