ஜெனியின் நெஞ்சுக்குள் ஓடிய மிஷின்

ஒரு தாயைக் கூப்பிட்டு, உன் மகளின் இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். நீங்கள் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊர்க்கதை பேசுகிறவர். எப்படிச் சொல்வீர்கள்?

எனக்கும் தெரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டி வந்தது.

எல்லாம் என் மகள் யாழினி கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. நான்காவது படிக்கிறாள். பிப்ரவரி பிறந்த கையோடு ஒருநாள் சாப்பிடும்போது, "வாலண்டைன்ஸ் டேன்னா என்னம்மா?" என்றாள். என் கணவர் அவசரமாக சாம்பார் கரண்டியை எடுத்துக்கொண்டார். யாருக்கும் சாம்பார் தேவைப்படவில்லை.

திருப்பூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியிலிருந்து எப்படித் தப்புவது? வெளிநாட்டுக்காரர்களின் காதலர் தினத்துக்காக மழைக்காலத்திலேயே இதயங்களை பிரிண்ட் அடித்துக் கப்பல் ஏற்றிவிடுகிற ஊர் இது. ஆர்டரில் மிஞ்சியதெல்லாம் எங்கள் பிள்ளைகளின் உடம்பில். இதயம் போட்ட டீ-ஷர்ட் இல்லாத குழந்தை எங்கள் தெருவில் கிடையாது.

சரி, நிஜ இதயத்தையே காட்டிவிடுவோம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மொட்டை மாடியில், தெருப் பிள்ளைகளுக்கு ஒரு வாலண்டைன்ஸ் பார்ட்டி. ஆனால் அறிவியல் பார்ட்டி. ஊதா முட்டைக்கோஸ் சாறில் எலுமிச்சை பிழிந்து ரோஸ் நிறமாக்குவது, ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து இதய பலூனை ஊதவைப்பது, ஸ்டெதஸ்கோப் வைத்து ஒருவர் இதயத்தை ஒருவர் கேட்பது... கடைசியில் கேக்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிறகு எதிர்வீட்டு ஈஸ்வரி போன் செய்தார். சொந்தமாக நிட்டிங் யூனிட், அதாவது பனியன் துணி பின்னும் மிஷின்கள், வைத்திருக்கும் குடும்பம். என்னைவிட மூத்தவர்.

"தப்பா நெனைக்காதீங்க. குழந்தைகளுக்குப் போயி இந்தப் பேர்ல பார்ட்டி வேணுங்களா? ஊட்டுல பெரியவங்க கேட்டா நான் என்னங்க சொல்றது?"

அறிவியல் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். மகன் கவினை அனுப்பினார். கூடவே தானும் வந்து, மாடிப்படி ஓரமாக ஒரு சேர் போட்டு உட்கார்ந்துகொண்டார். கண்காணிப்புக்கு.

கடைசியாக வந்தவள் ஜெனி. யாழினியின் வகுப்புதான். பின்தெருவில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கும் எஸ்தரின் ஒரே மகள். எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர், பனியன் கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. ஷிப்மென்ட் நெருக்கடி என்பதால் அன்று ஞாயிறும் வேலை. மகளை என்னிடம் விட்டுவிட்டு கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினார்.

ஸ்டெதஸ்கோப், நர்ஸாக இருக்கும் என் தோழியிடம் இரவல் வாங்கியது. பிள்ளைகளை ஜோடி சேர்த்தேன். என்ன சத்தம் கேட்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். லப்-டப் என்றது ஒன்று. குதிரை ஓடுகிறது என்றது இன்னொன்று. ஜெனிக்கு ஜோடி கவின்.

கேட்டான். ஸ்டெதஸ்கோப்பின் வட்டை நகர்த்தி மறுபடி கேட்டான். முகம் சுருங்கியது.

"ஆன்ட்டி, இந்தப் புள்ளைக்கு உள்ளார மிஷின் ஓடுதுங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். யூனிட் வீட்டுப் பையன், அவனுக்குக் கேட்பதெல்லாம் மிஷின்தான் என்று நானும் சிரித்துக்கொண்டே வாங்கி என் காதில் மாட்டினேன்.

ஜெனியின் இடது காறை எலும்புக்குக் கீழே வைத்தேன். லப்பும் இல்லை, டப்பும் இல்லை. விடாத ஒரு இரைச்சல்... ஏறுகிறது, இறங்குகிறது, நிற்காமல் மறுபடி ஏறுகிறது. வட்டை எடுத்து யாழினியின் நெஞ்சில் வைத்தேன். சுத்தமாக லப்-டப். கவினிடம் வைத்தேன். லப்-டப். திரும்ப ஜெனி.

இரைச்சல்.

இதற்குள் எல்லாருக்கும் அந்த மிஷினைக் கேட்டாக வேண்டும். நான் நான் என்று வரிசை சேர்ந்துவிட்டது. ஜெனி சட்டைக் காலரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

ஸ்டெதஸ்கோப்பில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, எல்லாரும் பலூனுக்கு வாங்க என்றேன். ஸ்டெதஸ்கோப்புக்கு ஏது சார்ஜ்? யாழினி திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அறிவியல் பார்ட்டியில் அம்மா சொன்ன பொய்.

சமையலறைக்குப் போய்த் தோழிக்கு போன் செய்தேன். போனில் எதையும் சொல்ல முடியாது, ஒன்றுமில்லாமலும் போகலாம், ஆனால் குழந்தைகள் டாக்டரிடம் காட்டச் சொல், தள்ளிப்போட விடாதே என்றாள். மாடிக்குத் திரும்பினால் ஈஸ்வரி என்ன என்பதுபோல் பார்க்கிறார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை.

அந்த மாலையில் எத்தனை பலூன் வெடித்தது, யார் சாறைக் கொட்டினார்கள், எதுவும் என் மனதில் பதியவில்லை. ஜெனி கேக் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் வந்ததும் உள்ளே கூட்டிப்போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. கேட்டதை அப்படியே சொன்னேன்.

"என்னக்கா சொல்லுதிய? எம்பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. சளி பிடிச்சா டாக்டர்ட்ட கூட்டிட்டுத்தானே போறேன். அவரு ஒண்ணும் சொல்லலையே."

ஒருமுறை காட்டிவிடுங்கள், நானும் வருகிறேன் என்றேன். எஸ்தர் கதவைப் பார்த்தார். வெளியே பிள்ளைகளின் சத்தம்.

"பொம்பளப் பிள்ளக்கா. நெஞ்சுல கோளாறுன்னு ஒருவாட்டி பேராச்சுன்னா நாளைக்கு அவளை யாரு கெட்டுவா? யார்ட்டயும் சொல்லிராதிய."

மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பலூனைக்கூட ஜெனி எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து வந்த நாட்கள் இருக்கின்றனவே... எஸ்தர் என் போனை எடுக்கவில்லை. ஜெனி விளையாட வரவில்லை. பள்ளியிலும் தன்னிடம் பேசுவதில்லை என்றாள் யாழினி. என் கணவர், நீ என்ன டாக்டரா, ஊரான் பிள்ளைக்கு வியாதி சொல்ல என்று கடிந்துகொண்டார். ஒன்றுமே இல்லை என்றால் ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுத்த பாவம் எனக்கு. ஏதோ இருக்கிறது என்றால்? அதை நினைக்கவே பயமாக இருந்தது. லைன் வீட்டு முனை வரை போவேன். திரும்பிவிடுவேன்.

ஒரு காலை அழைப்பு மணி அடித்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க எஸ்தர் நிற்கிறார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஜெனி. அம்மாவும் மகளும் ஒரே மாதிரி விறைப்பாக.

"தூங்கும்போது காதை வச்சுப் பாத்தேங்க்கா. எனக்கும் கேக்கு."

நான் கார் சாவியைத் தேடும்போதே எதிர்வீட்டு கேட் திறந்தது. எங்கே, ஏன் என்று ஈஸ்வரி கேட்கவில்லை. கவின் அன்று சொன்னதை அவரும் சேரில் உட்கார்ந்து கேட்டவர்தானே. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏறினார்.

குழந்தைகள் டாக்டர் நிதானமாகக் கேட்டார். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். உடனே கோயமுத்தூருக்கு அனுப்பினார். அங்கே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதேதோ சுழன்றது. மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு எஸ்தர் திரையைப் பார்க்காமல் நின்றார்.

இதய டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். குழந்தை வயிற்றில் இருக்கும்போது இரண்டு பெரிய ரத்தக் குழாய்களுக்கு நடுவே ஒரு சின்னப் பாதை இருக்குமாம். பிறந்த பிறகு அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். ஜெனிக்கு மூடவில்லை. ரத்தம் அந்த வழியே ஓயாமல் பாய்கிற சத்தம்தான் அது. கவின் சொன்ன வார்த்தையை அவரிடம் சொன்னேன். எங்கள் மருத்துவப் புத்தகத்திலும் இதற்கு மிஷின் சத்தம் என்றுதான் பெயர் என்றார். ஈஸ்வரி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிள்ளை ஓடி விளையாடுகிறாளா என்று டாக்டர் கேட்டார்.

"விளையாடப் போனா சீக்கிரமே வந்து உக்காந்துக்கிடுவா சார்" என்றார் எஸ்தர். "சோம்பேறின்னு ஏசுவேன்."

அப்போதுதான் அழுதார். அதுவரை அழவே இல்லை.

நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் அடைப்பான் வைத்து மூடிவிடலாம் என்றார்கள். இன்னும் சில வருடம் போயிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். எஸ்தரின் கணவர்தான் முதலில் மறுத்தார். பிள்ளைகளின் விளையாட்டை நம்பி ஆஸ்பத்திரியா என்று கோபப்பட்டவர், அந்தப் படம் போட்ட தாளைப் பார்த்து அடங்கினார். கையெழுத்துப் போட்டார்.

அடைப்பான் வைத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈஸ்வரியும் நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தோம். எஸ்தரின் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டே இருந்தன. அவர் கணவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நால்வரும் நிமிர்வோம். வேறு யாருடைய பெயரையோ கூப்பிடுவார்கள். சொன்ன நேரம் தாண்டிப் போயிற்று. ஏன் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

"ஜெனி அம்மா யாருங்க?"

எஸ்தரால் எழுந்திருக்க முடியவில்லை. ஈஸ்வரிதான் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரி கண்ணு. பொண்ணு உன்னத்தான் கேக்குதாம்."

நர்ஸ் சிரித்த முகமாக நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

இதை எழுதலாமா என்று எஸ்தரிடம் கேட்டேன். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். இன்னொரு பிள்ளைக்குப் பயன்படட்டும் என்றார். ஊர் என்ன சொல்லும் என்று கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே எஸ்தர். எல்லாருடைய பெயரையும் மாற்றிவிட்டேன்.

இதயத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசக் கூச்சப்படுகிறோம் நாம். காதல் என்று நினைத்துவிடுவார்களே என்று... இதயத்துக்கு வேறு வேலையும் இருக்கிறது என்பதையே மறந்துவிடுகிறோம்.

போன ஞாயிறு எஸ்தர் என் வீட்டுக்கு ஒரு புகாரோடு வந்தார். மகள் வீட்டிலேயே தங்குவதில்லையாம். விளக்கு வைத்த பிறகும் தெருவில் ஓடிக்கொண்டே இருக்கிறாளாம். நீங்களாவது கண்டித்து வையுங்கள் அக்கா என்றார்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.