சீவரத்துக்குள் இருந்தவர்

எங்கள் சங்கத்துப் புத்தரைத் துணி இல்லாமல் நான் வெகுகாலம் பார்த்ததே இல்லை. அல்சூர் ஏரிக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவர் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பு, யாருடைய வீட்டுக்கோ அஸ்திவாரம் தோண்டும்போது அப்பாவின் கடப்பாரையில் தட்டுப்பட்ட சிலை. பௌத்தம் தழுவியிருந்த எங்கள் தெருக்காரர்கள் அதைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பௌர்ணமிதோறும் ஆண்கள் திரைக்குப் பின்னால் அவரைக் குளிப்பாட்டி, பிக்குகளின் சீவரம் போல மஞ்சள் துணியைக் கழுத்து வரை சுற்றுவார்கள். திரை விலகியதும் நான் பாலி மொழியில் ஒரு பகுதியைப் படித்துத் தமிழில் பொருள் சொல்வேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். நான் படிக்கும்போது அப்பா என்னைப் பார்க்க மாட்டார்; கூட்டத்தைப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் இறுதியில், இந்த வட்டாரத்துப் பௌத்தத்தைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதல் இயலைக் கோபமாகவே எழுதியிருந்தேன்: ஊர் ஊராகப் புத்தர் சிலைகளுக்குப் புடவை கட்டி, குங்குமம் வைத்து, வேறு தெய்வமாக்கிவிட்டார்கள் என்று. கடைசி இயல் எங்கள் சிலைக்கு. அதை அப்பா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நெறியாளர் சிலையின் புகைப்படம் கேட்டார். அப்பாவிடம் போய் நின்றேன்.

"துணிய அவுக்கணும் நைனா."

"பொம்பளைங்க பாக்கறதில்ல."

"புத்தர் எங்கயும் அப்படிச் சொல்லல."

"வந்துட்டாங்கப்பா, புத்தருக்கே பாடம் எடுக்கறவங்க" என்று சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தார்.

அவரே துணியை உரித்தார். தோளில் மேலாடையின் கோடு இல்லை. இடுப்பிலும் எதுவும் இல்லை. தலைக்கு மேல், பாதி உடைந்த மூன்றடுக்குக் குடை. சமணச் சிலைகளுக்கு உரிய முக்குடை. நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னாச்சு?"

"இவரு புத்தர் இல்ல நைனா. தீர்த்தங்கரர். ஜெயின் சாமி."

"யாரு சொன்னது?"

"புத்தர்னா துணி மடிப்பக் கல்லுலயே செதுக்கியிருப்பாங்க. இதுல பொட்டுத் துணி இல்ல. மேல குடையப் பாரு."

"தேஞ்சி போயிருக்கும்."

"மூக்கு தேயல, வெரலு தேயல, துணி மட்டும் தேஞ்சிடுச்சா?"

அவர் துணியைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார். கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினார். "அப்ப இத்தினி வருஷம் நாங்க யாரக் கும்பிட்டோம்?"

சிலை பெரிதில்லை, தம்மம்தான் பெரிது என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் படித்த அத்தனையிலும் அதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் முதல் இயலில் நான் யாரைத் திட்டியிருந்தேனோ, அவர்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்திருந்தோம்.

"இத எழுதப் போறியா?"

"எழுதாம எப்படி நைனா?"

"எழுது கண்ணு. பொய் எழுதறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்? ஆனா இனிமே பௌர்ணமிக்கு நீ வந்து படிக்க வேணாம். உன் மூஞ்சிலயே தெரிஞ்சிடும்."

எழுதினேன். முதல் இயலில் பல வரிகளை அடித்தேன். பட்டம் கிடைத்தபோது அப்பா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். ஆய்வேட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போதும் பௌர்ணமிக்கு அப்பாவும் அம்மாவும் போய் வருகிறார்கள். நான் ஏன் வருவதில்லை என்று யாராவது கேட்டால் அப்பா முந்திக்கொள்கிறாராம்: "அவங்க டாக்டரு ஆயிட்டாங்க. நம்மகூடல்லாம் தரையில உக்காருவாங்களா?"