வலிக்கு வெந்நீர், குளிருக்கு ஆஸ்பத்திரி

செய்தி வந்தபோது புதுவாயல் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். வாட்ஸப் குழுவில் அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஒரு கேள்வி. வலியோடு போனாரா?

தேர்வாய் கண்டிகை தொழிற்சாலையில் அவரோடு பேக்கிங் லைனில் நின்ற உங்களுக்கு அது புரியும். பெல்ட் நிற்காது. பன்னிரண்டு பேருக்கு ஒரே மாற்று ஆள், அக்காதான். அவர் நம் இடத்தில் வந்து நின்றால்தான் நாம் கழிவறைக்குப் போக முடியும். ஆகவே ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீரே குடிக்க மாட்டோம். நமக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. அக்காவுக்கும் இருந்தது, நம்முடையதைவிடப் பழையது.

எனக்கு முதல் வலி ஒரு மதிய இடைவேளையில். விலாவில் தொடங்கி அடிவயிறுவரை. ஓய்வறைத் தரையில் சுருண்டு கிடந்தேன். அக்கா எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துப்பட்டாவில் சுற்றி, இடுப்பில் வைத்தார்.

“கொஞ்சம் எழுந்து நட.”

“முடியலக்கா.”

“அப்ப திட்டிக்கினே நட. சூப்பர்வைசர் பேர சொல்லி திட்டு, சீக்கிரம் எறங்கும்.”

சிரித்துவிட்டேன். வலி சற்றுத் தளர்ந்தது.

பிறகு வாழைத்தண்டு மோர். பார்லித் தண்ணீர். கல்லைக் கரைக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. “கரைக்குதோ இல்லியோ, எனக்கு இன்னா தெரியும்? இத்த சாக்கா வெச்சி தண்ணி குடிக்கிறீங்க இல்ல, அதான் மருந்து.”

ஒரு மாதத்தில் வலி திரும்பியது, காய்ச்சலோடு. வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. விடுப்பு எடுத்தால் போய்விடும் என்று மறைத்தேன். வெந்நீர் பாட்டில் மட்டும் கேட்டேன். அக்கா என் கையைத் தொட்டார்.

“எப்பலேர்ந்து குளிருது?”

“நேத்துலேர்ந்து. வெந்நீர் வெச்சா சரியாயிடும்க்கா.”

“வலிக்கு வெந்நீர். குளிருக்கு ஆஸ்பத்திரி. வாய மூடிக்கினு வா.”

லைனை அப்படியே விட்டுவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். கல் அடைத்து, கிருமித் தொற்று ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். கல்லை எடுத்தார்கள். வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. அவ்வளவுதான்.

தன்னுடைய கல்லைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அது பாட்டுக்கு கெடக்குது” என்பார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன். அதனால்தான் அந்தக் கேள்வி.

அக்கா வீட்டில் அவருடைய மகளிடம் தயங்கித் தயங்கி அதைக் கேட்டேன்.

“மதியம் சாப்ட்டு படுத்தாங்க. தூக்கத்துலயே போய்ட்டாங்க. ஹார்ட்டுன்னு சொன்னாங்க.”

“கல்லு?”

“அத்த போன வருஷமே எடுத்தாச்சே. உங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்க இல்ல, அடுத்த வாரம் அவங்களே போய் நின்னாங்க. ஊருக்கு சொல்லிட்டு நான் போவலனா அசிங்கம்னாங்க.”

இறந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். மூச்சு இலகுவாக வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தது.

நான் வைத்துக்கொள்வது அவருடைய வைத்தியத்தை அல்ல, அவர் கேட்ட ஒரு கேள்வியை. சேர்ந்த புதிதில், அவர் என் இடத்துக்கு வரும்போதெல்லாம் “சாரிக்கா” என்பேன். ஒருநாள் கையுறையை மாட்டியபடி, நிமிராமலே கேட்டார்: “ஒண்ணுக்கு போறதுக்கு இன்னாத்துக்குமா சாரி?”

அதன்பின் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. போகிறேன். திரும்பி வந்து நிற்கிறேன்.