எர்த் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

ஒரு கோடை முழுக்க என் மாமனார் குளித்தது காரின் தயவில். சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

என் கணவர் ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் டாக்சிக்காரர். டீசல் வண்டியை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதற்கு ராஜ உபசாரம். சார்ஜை நூறு சதவீதம் வரை ஏற்றக் கூடாது, எண்பதோடு நிறுத்த வேண்டும். இருபதுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. வெயிலில் ஓடி வந்தவுடன் பிளக்கைச் சொருகக் கூடாது, சூடு ஆறட்டும் என்று கொட்டகை நிழலில் நிறுத்திவைப்பார். காலையில் எழுந்ததும் டயரில் காற்று பார்ப்பார். தகரக் கூரைக்குக் கீழே கால் விளங்காமல் கிடந்த அப்பனுக்கு மூச்சு இருக்கிறதா என்று ஒரு நாளும் எட்டிப்பார்த்ததில்லை.

முதல் சித்திரையிலேயே கார் சார்ஜ் ஏற மறுத்தது. சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எலக்ட்ரீஷியன் வந்து, சுவரோரம் இருந்த எர்த் குழியைக் காலால் தட்டிப்பார்த்தார். “நேல எண்டிபோயிந்தி அன்னா, நீள்ளு போய்யாலி” என்றார் தெலுங்கில்; நிலம் காய்ந்துபோச்சு, தண்ணீர் ஊற்றணுமாம். மண் காய்ந்துவிட்டால் கசிகிற கரண்ட் பூமிக்குள் இறங்காது, காரைத் தொடுகிறவன் உடம்பில் இறங்கும், அதனால்தான் கார் மறுக்கிறது. சார்ஜ் போடும் முன் ஒரு குடம் ஊற்றுங்கள் என்று விளக்கினார். நல்ல கார்தான். அடுத்தவன் உயிர்மேல் அதற்கு இருந்த அக்கறை எங்கள் வீட்டில் இல்லை.

ஒரு குடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் கோடை வந்தால் போர் வற்றிவிடும், டேங்கர் வந்தால்தான் தண்ணீர். அந்த ஒரு குடத்தை யாரிடமிருந்து பிடுங்குவது என்று கணவர் யோசிக்கக்கூட இல்லை.

“நைனா இன்னா வெய்யில்ல வேல செஞ்சிக்கினா வர்றாரு? துண்ட நனச்சித் தொடச்சிவுடு, போதும்” என்றார்.

மாமனாருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆயுசு முழுக்கக் கூலிக்குக் கரும்பு வெட்டியவர். சாயங்காலம் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் சோற்றில் கை வைக்காதவர். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சில நாளில் முதுகில் புண் வந்தது.

அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இழுத்துக்கொண்டு போய் எர்த் குழியின் மேலேயே நிறுத்தி, காருக்கான குடத்தை அவர் தலையில் ஊற்றினேன். தண்ணீர் அவர்மேல் வழிந்து குழிக்குள் போனது. பிளக்கைச் சொருகுவதற்கு முன்பே முடித்து, அவரை உள்ளே கொண்டுவந்துவிடுவேன். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. கணவர் தடுக்கவில்லை. பச்சை விளக்கு வந்தால் அவருக்குப் போதும்.

ஆனால் திருப்பதியிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வரும் நாட்களில் குழிக்குத் தண்ணீர் கிடையாது. மாமனாருக்கும் கிடையாது.

“வண்டி இங்க ஏத்துதாம்மா, அங்கியே ஏத்திக்கினு வருதா?” என்று சாயங்காலமானால் கேட்பார்.

பிள்ளை எப்போது வருவான் என்று கேட்க மாட்டார். காரைத்தான் கேட்பார். அங்கேயேதான் மாமா என்று சொல்லிவிட்டுத் துண்டை நனைத்து எடுத்து வருவேன். ஒரு நாள் துணிந்து ஊற்றிவிட்டேன். குழியில் ஈரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார் கணவர். “தண்ணி இன்னா உங்கப்பன் ஊட்லருந்தா வருது?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

மழை பெய்து போர் ஊறியதும் எல்லோரும் குளித்தோம். அடுத்த கோடையில் மறுபடியும் டேங்கர், மறுபடியும் அதே குடம். அப்போதுதான் எலக்ட்ரீஷியன் தண்ணீரே கேட்காத புது எர்த் ஒன்றைக் கொண்டுவந்தார். கறுப்பு மாவு நிரப்பிப் புதைக்கிற குழாய்; ஈரத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஆள் வைத்து ஆழமாகக் குழி தோண்டி இறக்கி, மேலே சிமென்ட் பூசினார்கள். வேலை சுத்தம், குறை சொல்ல மாட்டேன்.

சிமென்ட் காய்ந்த அன்று மாலை கார் வந்தது. சத்தம் கேட்காத வண்டி, ஆனாலும் மாமனாருக்குத் தெரிந்துவிடும். சட்டையைக் கழற்றி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கணவர் நேராகப் போய்ப் பிளக்கைச் சொருகினார். பச்சை எரிந்தது.

“இனிமே தண்ணி ஊத்தற வேலயே இல்ல. சட்டயப் போட்டுக்கோ நைனா” என்றார், நல்ல சேதி சொல்வதுபோல.

மாமனார் வாசல் வழியாக அந்தச் சிமென்டைப் பார்த்தார்.

“ஆள வெச்சித் தோண்டனியே, இன்னும் நாலு மொழம் நீளமாத் தோண்டியிருந்தா என்னியும் அதுலயே போட்டு மூடியிருக்கலாமேடா.”

கணவர் சார்ஜர் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதுக்கின்னா அவசரம் நைனா” என்றார்.