சாமைச் சோறும் என் குரலும்

கேபிள் டிவி வந்த புதிதில் திருவண்ணாமலையில் நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டும், மண்டபத்தில் மைக் பிடித்து மணமக்களை வர்ணித்துக்கொண்டும் இருந்தேன். ஞாயிறு காலையில் கிறிஸ்தவ நிகழ்ச்சி நடத்திய ஒரு பிரதர் என்னை ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போனார். மலைக் கிராமத்தில் ஓர் அம்மா எங்களுக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். மூன்று முறை வாங்கித் தின்றேன். பிறகு அவர் அடுப்பையும், அவர் கும்பிடும் கல்லையும் படம் பிடித்தேன்.

ஊர் திரும்பியதும் பிரதருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பின்னணி பேசும் வேலை எனக்கு வந்தது. அவர் எழுதிக் கொடுத்ததை வாசித்தேன்: "இவர்கள் பசியிலும் இருளிலும் கிடக்கிறார்கள். பேய்களைக் கும்பிடுகிறார்கள்." மணமகளை வர்ணிக்கும் அதே உருக்கம்.

அடுத்த மாதம் அந்த ஊருக்கே டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் கொண்டுபோய் இயேசு கதை காட்ட ஏற்பாடு. என் கடையில் கேசட்டுக்கு லேபிள் கிடையாது. பெண் வீட்டுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், மாப்பிள்ளை வீட்டுக்குப் பச்சை. இயேசுவுக்குப் பச்சை, மலையில் எடுத்த படத்துக்குச் சிவப்பு போட்டதாகத்தான் ஞாபகம்.

பள்ளிக்கூட வராந்தாவில் ஊரே உட்கார்ந்திருந்தது. பச்சையைப் போட்டேன். டிவியில் இயேசுவுக்குப் பதில் அந்த அம்மாவின் அடுப்பு தெரிந்தது. சிரித்தார்கள். என் குரல் வந்தது. சிரிப்பு நின்றது.

"நான் அவங்க ஆளே இல்லீங்க. தீபத்துக்கு வெரதம் இருக்கறவன். படம் மட்டுந்தான் புடிச்சேன்" என்றேன். போன தீபத்தன்று முட்டை போண்டா தின்ற வாய் அது. பின்னால் டிவியில் அதே வாய் பேய்களைப் பற்றி உருகிக்கொண்டிருந்தது. பிரதர் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த அம்மா எழுந்து வந்தார். "மூணு தபா வாங்கித் துன்னியே, அது யாரு வூட்டுப் பசிடா? பொட்டியில சொன்னத என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

மண்டபம் மண்டபமாக மைக் பிடித்தவனுக்கு விக்கல்தான் வந்தது. தண்ணீர் கேட்டேன். ஒருத்தரும் அசையவில்லை.

இதை வேறு யாருக்காவது காட்டுவாயா என்று கேட்டார். காட்டமாட்டேன் என்று கேசட்டை உருவிக் கொடுத்தேன். கல்லால் நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிட்டு வந்து, "எறங்கிப் போ" என்றார்.

மூல கேசட் பிரதரின் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறு காலை, எங்கள் ஊர்ப்பக்கம் வேங்கிக்கால் டீக்கடை டிவியில் அந்த அடுப்பு எரிந்தது.

"கொரலு யாருதுபா? நல்லாக்குதே" என்றார் டீ மாஸ்டர்.

தெரியாது என்றேன்.